சுண்ணாம்புக் கணக்கு

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகாலைப் பார்க்கிறார்கள்; பக்கத்தில் நெற்களஞ்சியங்களைப் பார்க்கிறார்கள்; அண்ணாந்து மலையையும் பார்க்கிறார்கள். காரை உதிர்ந்த சுவர்கள்; மழைநீர் வழிந்து வழிந்து கறுத்துப் போன கூரைகள்; மூலைக்கு மூலை முளைத்த செடிகள். அதற்காக யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை. 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியர் காலத்து ராணுவ அரண்கள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அது தேர்ந்தெடுத்த ஒரே கோட்டை செஞ்சிதான். காலம் தின்ற சுவரை உலகமே கௌரவிக்கிறது. ஆனால் அதே காலம், கோட்டைக்குக் கிழக்கே ஊருக்குள் ஒரு வாடகை வீட்டுச் சுவரைத் தின்றுவிட்டால், குற்றவாளி காலம் அல்ல; குடித்தனக்காரர். தண்டம் கட்ட வேண்டியவரும் அவரே.

நான் சொல்ல வருவது வீட்டு அட்வான்ஸைப் பற்றி. குடிவரும் நாளில் எண்ணிக் கொடுத்த தொகை, காலி செய்யும் நாளில் அப்படியே திரும்பி வந்ததாக நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? இதை ஒரு பெரிய அநியாயமாக யாரும் பேசுவதில்லை. வழிப்பறி என்றால் பத்திரிகையில் வரும். பூட்டை உடைத்தால் போலீஸ் வரும். வீட்டுக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு வரி எழுதி ஒரு குடும்பத்தின் சேமிப்பில் பாதியை எடுத்துக்கொண்டால் மட்டும், "எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தானே" என்று பெருமூச்சு விட்டு வண்டி ஏறிவிடுகிறோம். மாதச் சம்பளக்காரர் ஒரே தடவையில் பிறர் கையில் எண்ணிக் கொடுக்கும் பெருந்தொகை, கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் அடுத்தபடி, இந்த அட்வான்ஸ்தான். அதில் இஷ்டப்படி கை வைப்பதற்கு வழக்கம் என்று பெயர் சூட்டினால் அது மரியாதையாகிவிடுமா?

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியையின் கதையைக் கேளுங்கள். செஞ்சியில் ஒரே வீட்டில் ஏழு வருஷம் குடியிருந்தார். குடிவந்தபோது வாடகை மாதம் 5,000 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாத வாடகை. அதாவது 50,000 ரூபாய். வாடகை ஒரு மாதம்கூடத் தேதி தவறியதில்லை. வாசலில் கோலம் ஒரு நாள் தவறியிருக்கலாம், வாடகை தவறவில்லை. பிறகு மாற்றல் உத்தரவு வந்தது. திருவண்ணாமலையில் வீடு பார்த்தார். அங்கே அட்வான்ஸ் 60,000 கேட்டார்கள். இங்கே திரும்பி வரும் பணத்தோடு பத்தாயிரம் சேர்த்தால் ஆயிற்று என்று அந்த அம்மாள் கணக்குப் போட்டிருந்தார். வீட்டுக்காரரும் ஒரு கணக்குப் போட்டிருந்தார். சாமான்கள் வண்டியில் ஏறின பிறகு, அதை நீட்டினார்.

வெள்ளையடிக்க 13,500. ஆணித் துளைகள் அடைக்க 1,500. கதவு, ஜன்னல் வார்னிஷுக்கு 3,000. குளியலறைக் கறை எடுக்க 2,500. இதரம் 2,000. ஆக மொத்தம் 22,500. மீதி 27,500 ரூபாய், "புதுக் குடித்தனம் வந்ததும் தந்துடறேன்." இவ்வளவையும் வாசித்துக் காட்டிவிட்டு, "உங்களுக்காகத்தான் குறைச்சுப் போட்டிருக்கேன், டீச்சர்" என்றாராம்.

இந்தச் சீட்டைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். ஏழு வருஷத்தில் வீட்டுக்காரர் அந்த வீட்டுக்கு ஒரு தடவைகூடச் சுண்ணாம்பு அடிக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டை மாடி ஒழுகி, கூடத்துச் சுவரில் பூசணம் பூத்தது; சொல்லியும் ஆள் வரவில்லை. குளியலறைக் கறை சோம்பேறித்தனத்தின் கறை அல்ல. அந்தத் தெருத் தண்ணீரில் உள்ள உப்பின் கறை. அந்த உப்பை டீச்சர் வீட்டிலிருந்து கொண்டுவந்து கலக்கவில்லை. ஆணி நான்கு: சுவாமி படத்துக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று, நாட்காட்டிக்கு ஒன்று, காலமான தகப்பனார் படத்துக்கு ஒன்று. மனிதர்கள் குடியிருக்கத்தானே வீட்டை வாடகைக்கு விட்டார்? "இதரம்" என்பது என்ன என்று கேட்டதற்கு, "அது பல விஷயம்" என்று பதில் வந்தது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 50,000 ரூபாய்க்கு நூற்றுக்கு ஆறு வீதம் தனி வட்டி போட்டாலும் வருஷத்துக்கு 3,000. ஏழு வருஷத்துக்கு 21,000 ரூபாய். அந்த அம்மாளுக்குச் சல்லிக் காசு வட்டி வரவில்லை. பணம் வீட்டுக்காரரிடம் இருந்தது. ஆகவே சுண்ணாம்புக்கும் வார்னிஷுக்கும் ஆன செலவை ஏறக்குறைய முழுவதுமாக வட்டி வடிவத்தில் அவர் ஏற்கெனவே கட்டிவிட்டார். கடைசி நாளில் பிடித்துக்கொண்டது இரண்டாவது தடவை.

இந்த விவகாரத்தில் மூன்று வார்த்தைகளைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். பாக்கி, சேதம், தேய்மானம்.

பாக்கி என்பது கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்தது. இரண்டு மாத வாடகை நின்றிருந்தால் அது பாக்கி. கடைசி மின்சாரக் கட்டணம் இன்னும் கணக்கெடுக்கப்படாமல் இருந்தால் அதுவும் பாக்கி. அதைப் பிடித்துக்கொள்ள வீட்டுக்காரருக்குப் பூரண உரிமை உண்டு. செஞ்சிக்காரர்களுக்குப் பாக்கித் தகராறு புதிதல்ல. 1714-இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் தேசிங்கு ராஜன் மீது படையெடுத்து வந்ததற்குச் சொன்ன காரணங்களில் கப்பப் பாக்கியும் ஒன்று. யுத்தத்தில் தேசிங்கு மாண்டு கதைப்பாட்டில் வாழ்கிறான். நவாபின் தரப்பு நியாயமா, தேசிங்கின் தரப்பு நியாயமா என்று இன்றைக்கும் வாதாடலாம். ஆனால் நவாபுகூடக் கேட்டது பாக்கியைத்தான். கோட்டைச் சுவருக்கு வெள்ளையடிக்கிற கூலியை அல்ல.

சேதம் என்பது குடித்தனக்காரர் செய்த கெடுதல். ஜன்னல் கண்ணாடியை உடைத்தால் சேதம். சமையல் மேடைக் கல்லைப் பிளந்தால் சேதம். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் சிற்பத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனவை என்று சொல்வது வழக்கம். 1750-இல் கோட்டைக்குள் புகுந்து 1761-இல் ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போனவர்கள் அவர்கள். அப்படி ஒரு குடித்தனக்காரர் உங்கள் வீட்டுத் தூணைப் பெயர்த்துக்கொண்டு போனால், தாராளமாக அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளுங்கள்; நானே சாட்சி சொல்ல வருகிறேன்.

ஆனால் தேய்மானம் வேறு சரக்கு. வெயில் பட்டால் வர்ணம் மங்கும். நடந்தால் தரை மழுங்கும். திறந்து மூடினால் கதவுக் கீல் தளரும். வீடு பூட்டியே கிடந்தாலும் ஏழு வருஷத்தில் சுண்ணாம்பு உதிரத்தான் செய்யும். இந்தத் தேய்மானத்துக்கு விலையாகத்தான் மாதாமாதம் வாடகை வாங்குகிறோம். வாடகையையும் வாங்கிக்கொண்டு தேய்மானத்துக்கும் தனியாக வாங்குவது, சாப்பாட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்ட ஹோட்டல்காரர் இலை அழுக்கானதற்கு அபராதம் கேட்பது போன்றது. தேய்மானத்துக்குச் சேதம் என்று வேஷம் கட்டிப் பாக்கிக் கணக்கில் எழுதுகிற சாமர்த்தியம்தான் இந்தச் சீட்டுகளின் சூட்சுமம் முழுவதும்.

இது என் சொந்த அபிப்பிராயம் என்று யாராவது நினைத்தால், சட்டத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். வெள்ளைக்காரன் காலத்தில், 1882-இல், எழுதின சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவிலேயே, நியாயமான தேய்மானம் நீங்கலாகத்தான் குடியிருப்பவர் வீட்டைப் பழைய நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்றது. சட்டம் ஒன்று என்றது. ஊர் பத்து என்றது. ஏறக்குறைய அறுபது வருஷம் இரண்டும் ஒன்றையொன்று பாராமலே குடித்தனம் நடத்தின.

பிறகு 2017-இல் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் புதுச் சட்டம் வந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அமலாயிற்று. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமாகக் கழிக்க வேண்டியதைக் கழித்து, மீதியைத் திருப்பிவிட வேண்டும் என்கிறது அது. "புதுக் குடித்தனம் வந்ததும்" என்று அதில் எங்கும் இல்லை. அந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையை ஒவ்வொரு குடித்தனக்காரரும் அச்சடித்து நடையில் மாட்டிவைக்கலாம். ஒரு ஆணிக்கு ஆன செலவு போனாலும் போகட்டும். யார் எந்த ரிப்பேர் செய்ய வேண்டும் என்ற பட்டியல் அது. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு இவையெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவதும் யார் பொறுப்பு என்கிறீர்கள்? வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு! ஆசிரியையின் சீட்டில் முதல் வரியாக நின்ற 13,500 ரூபாய், சட்டப் பட்டியலில் வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கிறது.

அப்படியானால் அந்த அம்மாள் வழக்குப் போட்டிருக்கலாமே என்பீர்கள். வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்று சட்டம் மூன்று படி கட்டித்தான் வைத்திருக்கிறது. ராஜகிரியின் படிகளைப் போலவே அவையும் கீழே நின்று பார்க்கையில் அழகாக இருக்கின்றன. லீவு போட்டுவிட்டு ஏறுகிறவருக்குத்தான் முழங்கால் வலி தெரியும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். சிற்றூர்களிலோ வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்கிற மாதிரி வாய்ப்பேச்சில் வீடு கைமாறுகிறது. எழுதினாலும், "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர" என்று மூன்று மாத வரம்புக்குச் சட்டமே ஒரு சந்து வைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் அந்தச் சந்து வழியாகத்தான் உள்ளே வருகிறது. எல்லாவற்றையும்விட, காலம் வீட்டுக்காரர் பக்கம். அவருக்கு அவசரமில்லை, பணம் அவர் கையில். இவருக்கோ அன்று சாயங்காலத்துக்குள் திருவண்ணாமலையில் சாமான் இறங்க வேண்டும். பணத்தைக் கையில் வைத்திருப்பவரே வாதி, அவரே நீதிபதி, அவரே அமீனா. இப்படி ஒரு நியாயஸ்தலத்தில் யார் ஜெயிப்பார்கள் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

வீட்டுக்காரர்கள் தரப்பிலும் பேச்சு உண்டு. அதை மறைக்க மாட்டேன். எல்லா வீட்டுக்காரரும் பணக்காரர் அல்ல. பென்ஷனும் மாடிப் பகுதி வாடகையுமாகக் காலம் தள்ளும் விதவைகளை அறிவேன். மூன்று மாத வாடகையும் மின்சாரக் கட்டணமும் நிறுத்திவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போன குடித்தனக்காரர்களையும் அறிவேன். அவர்களுக்குப் பயந்துதான் அட்வான்ஸ் என்றால் சரி, வாங்கட்டும். மூன்று மாத வாடகை அந்தப் பயத்துக்குப் போதுமான மருந்து. பத்து மாதம் எதற்கு?

எதற்கு என்று நான் சொல்கிறேன். அது பாதுகாப்புப் பணம் அல்ல, வட்டியில்லாக் கடன். பத்து மாதத் தொகை வந்த அன்றே மாடிக் கட்டடத்துக்குச் செங்கல்லாகிவிடுகிறது. அல்லது பெண்ணின் கழுத்தில் சங்கிலியாகிவிடுகிறது. ஏழு வருஷம் கழித்துக் கேட்டால் அந்த மனிதர் எங்கே போவார்? புதுக் குடித்தனக்காரர் அட்வான்ஸ் கொடுத்தால்தான் பழையவருக்குக் கொடுக்க முடியும். அதுவும் போதாவிட்டால், கொடுக்க வேண்டிய தொகையையே குறைத்துவிட வேண்டும். அங்கேதான் சுண்ணாம்பு உதவிக்கு வருகிறது! சுவரைப் பார்த்து எழுதின கணக்காக இருந்தால் வீட்டுக்கு வீடு மாறும். நம் ஊரில் சுவர் எப்படி இருந்தாலும் ஒரு மாத வாடகை, இரண்டு மாத வாடகை என்றல்லவா முன்கூட்டியே பேசிவைத்துப் பிடிக்கிறார்கள்? அடுத்த குடித்தனம் வந்த பிறகு போய்ப் பாருங்கள். பல வீடுகளில் அந்தச் சுண்ணாம்பு அடிக்கப்படுவதே இல்லை.

உலகத்தில் வேறு எங்குமே வாடகை வீடு இல்லையா? ஜப்பானில் சுவரில் ஒட்டும் காகிதத்துக்கு ஆறு வருஷம் ஆயுள் என்று சர்க்கார் வழிகாட்டிக் கணக்கு வைத்திருக்கிறது. ஆறு வருஷம் கழிந்தால் அதன் மதிப்பு ஒரே ஒரு யென். 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த சிவில் சட்டத் திருத்தம், சாதாரணத் தேய்மானத்துக்கும் பழசானதற்கும் குடியிருந்தவர் பொறுப்பல்ல என்று தெளிவாகவே எழுதிவிட்டது. ஆஸ்திரேலியாவில் நியூ சௌத் வேல்ஸ் மாகாணம் 1977-லேயே ஒரு வாரியம் ஏற்படுத்தி, அட்வான்ஸை வீட்டுக்காரர் கையிலிருந்து எடுத்து அதனிடம் ஒப்படைக்கச் சொன்னது. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், சர்க்கார் அங்கீகரித்த திட்டம் ஒன்றில்தான் அட்வான்ஸுக்குப் பாதுகாப்பு. பிடித்தம் சரியா தப்பா என்று தகராறு வந்தால் மூன்றாம் மனிதர் ஒருவர் இரு தரப்புச் சாட்சியத்தையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். அந்தத் தேசத்து வீட்டுக்காரர்கள் மகாத்மாக்கள் அல்ல. நம்மவர் போன்ற மனிதர்களே. சாவியும் பெட்டியும் ஒருவர் கையிலேயே இருக்கக்கூடாது என்று ஏற்பாடு செய்தார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் தெருவுக்குத் தெரு தபாலாபீஸ் இருக்கிறது. கூட்டுறவு வங்கி இருக்கிறது. வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் சேர்ந்து கையெழுத்திட்டாலொழிய எடுக்க முடியாதபடி மூன்று மாத வாடகையை அங்கே போட்டுவைக்கச் சட்டம் செய்ய என்ன தடை? வட்டி யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம். "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர" என்ற சந்தையும் அடைத்துவிடலாம். வாடகைக்கு இருப்பவர்களிடம் ஓட்டு இல்லையா என்ன?

சர்க்கார் செய்கிற வரையில் நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. குடிவரும் நாளன்றே வீட்டைச் சுற்றி நடந்து, எந்தச் சுவர் எப்படி, எந்தக் குழாய் எப்படி என்று ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எல்லார் சட்டைப் பையிலும் படம் எடுக்கும் போன் இருக்கிறது. கோட்டையைப் பின்னால் வைத்து எடுத்துக்கொள்கிற படங்களில் பத்தைக் குறைத்துக்கொண்டு, குளியலறையை ஒரு படம் எடுங்கள். காலி செய்யும்போது அதே காகிதத்தை விரித்துவைத்து இருவரும் பாருங்கள். சேதத்துக்குப் பிடித்தால் ரசீது கேளுங்கள். ரசீதில்லாத பிடித்தம் செல்லாது என்று பத்துப் பேர் சொன்னால் போதும். பதினோராவது வீட்டுக்காரர் சீட்டு எழுதுமுன் யோசிப்பார்.

இதை வாசிக்கிறவர்களில் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. இவர்களும் மாடிப் பகுதியை வாடகைக்கு விட்டிருக்கிறவர்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறான். பத்து மாத அட்வான்ஸுக்காக நீங்கள் நகையை அடகு வைத்து அனுப்பினீர்கள். ஒன்றரை வருஷத்தில் வீடு மாறினான். வர்ணம் பூச என்று ஒரு மாத வாடகையை அங்கே பிடித்துக்கொண்டார்கள். அன்று டெலிபோனில் அந்த வீட்டுக்காரரை நீங்கள் என்னென்ன சொன்னீர்கள்! அவ்வளவும் நியாயமான வார்த்தைகள். அதே வாரத்தில் உங்கள் மாடிப் பகுதியைக் காலி செய்த நர்ஸம்மாவுக்கு நீங்கள் நீட்டின சீட்டில் முதல் வரி என்ன?

சுவர் உங்களுடையது, அதில் படிந்த வருஷங்களுக்கு வாடகை வாங்கியாகிவிட்டது. அட்வான்ஸ் உங்களுடையது அல்ல. அது உங்களிடம் அடைக்கலமாக வந்த பொருள். அடைக்கலப் பொருளில் கை வைப்பதை நம் முன்னோர்கள் பாவம் என்று சொன்னார்கள். நான் பாவ புண்ணியக் கணக்குக்குப் போகவில்லை. பாக்கி உண்டானால் காட்டுங்கள். சேதம் உண்டானால் ரசீதை வையுங்கள். இரண்டும் இல்லையென்றால், வண்டிக்காரன் ஹாரன் அடிப்பதற்கு முன்னால், வாங்கின பணத்தை வாங்கினபடி எண்ணிக் கையில் கொடுங்கள்.